மடிப்பாக்கத்துக் களிமண்ணில் பெரம்பூர்ச் சீத்தா

சீத்தா மரம் வளர்க்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதன் இலைக்காம்பை. கொய்யாவிலோ எலுமிச்சையிலோ இலையும் கிளையும் சேரும் இடுக்கைப் பார்த்தால் மொட்டு வெளியே தெரியும். சீத்தாவில் தெரியாது. காம்பின் அடிப்பகுதி மொட்டை முழுவதும் மூடிக்கொண்டிருக்கும். காம்பு விழுந்தால்தான் மொட்டு வெளியே வரும், மொட்டு வந்தால்தான் துளிர், துளிரோடு சேர்ந்துதான் பெரும்பாலான பூக்கள். ஒட்டுக்கட்டுவது, கவாத்து செய்வது (கிளைகளை வெட்டிவிடுவது), பூக்க வைப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடக்கின்றன. நர்சரியில் கன்று வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு இதைக் கண்ணால் காட்டியது வர்தா புயல். 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில் அது கரையைக் கடந்தபோது பெரம்பூரில் அத்தை வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கை வேரோடு சாய்ந்தது. சீத்தா நின்றது, ஆனால் மரத்தில் ஓர் இலை இல்லை. பொங்கலுக்கு நாங்கள் போனபோது ஒவ்வொரு கணுவிலும் பச்சைத் துளிர் வெடித்திருந்தது. சீத்தா துளிர்க்கும் காலமே இல்லை அது. பங்குனியில் வர வேண்டியது தையில் வந்துவிட்டது. காற்று இலையைப் பிய்த்து எறிந்ததால் மூடிக் கிடந்த மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொண்டது. புயல் செய்ததை நாம் கையால், நமக்கு வேண்டிய மாதத்தில் செய்துகொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழம் பெரிது, கண் அகலம், விதை குறைவு. வாயில் போட்டால் மணல் மாதிரிச் சிறுசிறு உருண்டைகள் நெருடுவது சீத்தாவில் உண்டு, அது இதில் மிகவும் கம்மி. ஆவணி, புரட்டாசியில் கோயம்பேட்டுக்கு வந்து குவியும் பழங்களில் இப்படி ஒன்று அபூர்வமாகத்தான் அகப்படும். 2018இல் அத்தை அந்த வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுப்பதாக முடிவானது. "வீடு போனா போகுது, அந்த மரத்தை எங்கயாவது வாழ வைடி" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு பெரிய மரத்தைப் பெயர்த்து நட முடியாது. விதை போடலாம், ஆனால் விதைக்கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மரத்தின் குச்சியை வேறொரு கன்றின் மேல் பொருத்தி ஒட்டுக்கட்டினால் அது அதே மரம், வேர் மட்டும் வேறு. காய்ப்பதும் ஓர் ஆண்டாவது முந்தும்.

ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடிகள் ஏற்கனவே என்னிடம் இருந்தன. அத்தை வீட்டுப் பழங்களின் விதையைப் போட்டு முளைத்த கன்றுகள்தான், ஒன்றரை வருடத்தில் பென்சில் பருமனுக்கு வந்திருந்தன. புதிதாக விதை போடுகிறவர்கள் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் போடுங்கள். விதையின் தோல் கெட்டி என்பதால் ஒரு மாதம் வரையோ அதற்கு மேலேயோ மண்ணில் ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். ராம்சீத்தாவின் கன்றையும் வேர்ச்செடியாக வைக்கலாம், இரண்டும் நன்றாகவே ஒட்டும். ஆழமான நீளப் பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருளாமல் நேரே இறங்கும்.

விதை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். அரைத்த விழுது தலையிலிருந்து வழிந்து கண் எரிந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. விதையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். கடித்தோ அரைத்தோ உள்ளே போகக் கூடாது. மிக்ஸியில் பழத்தை அடிக்கும் முன் விதை எல்லாம் எடுத்தாயிற்றா என்று இரண்டாம் முறையும் பாருங்கள்.

இனி ஒட்டு. சென்னைக்கு மாசி மாதம் சரியான காலம். மரம் அப்போது இலை உதிர்த்து ஓய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் அத்தை வீட்டு மரம் குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் இருந்ததால் மாசியிலும் பாதிக்கு மேல் இலையோடு நின்றது. செங்குன்றம் பக்கத்து நர்சரியில் பல காலம் ஒட்டுக்கட்டிய ஒரு பெரியவரை அழைத்துப் போயிருந்தேன். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தவர் கத்தியை எடுக்கவே இல்லை. "இன்னிக்கு வேலை இல்லம்மா. இலையை மட்டும் கிள்ளிட்டு வா, பத்து நாள் கழிச்சு வந்து வெட்டிக்கலாம்" என்றார். வேண்டிய கிளைகளில் இலைப்பரப்பை மட்டும் கத்தரித்து, காம்பை விட்டுவைத்தோம். பத்தாம் நாள் போனபோது காம்புகள் தொட்டாலே விழுந்தன. அடியில் மொட்டு சாம்பல் நிற ரோமத்தோடு பருத்து, வெடிக்கத் தயாராக இருந்தது. அந்த நிலையில் இருக்கும் குச்சிதான் ஒட்டுக்கு வேண்டும். இலையோடு வெட்டிய குச்சியில் மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். அது விழிப்பதற்குள் குச்சி காய்ந்துவிடும்.

குச்சி போன பருவத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். நுனிப் பச்சையும் வேண்டாம், அடிமரமும் வேண்டாம். ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு மொட்டு இருக்கும்படி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டோம். பெரம்பூரிலிருந்து மடிப்பாக்கம் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தோம். அன்றைக்கே கட்டிவிட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

கட்டும் முறை ஆப்பு ஒட்டு. வேர்ச்செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்கே வெட்டி, நடுவில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகப் பிளக்க வேண்டும். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி, அதே நீளத்துக்கு ஆப்பாக்க வேண்டும். சீவுவது ஒரே இழுப்பில் நடக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு மேடுபள்ளமாகி, உள்ளே காற்று நிற்கும். புது பிளேடு போதும், ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். ஆப்பைப் பிளவுக்குள் செருகும்போது பட்டைக்கு அடியில் மெல்லிய பசும்படலம் தெரியும். வேர்ச்செடியின் படலமும் குச்சியின் படலமும் தொட வேண்டும். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் இரு பக்கமும் தொடும். இல்லையென்றால் ஒரு பக்கத்தை மட்டும் சரியாகச் சேருங்கள், குச்சியை நட்டநடுவில் வைக்காதீர்கள். ஒட்டு பிடிப்பது அந்தப் படலங்கள் சேரும் இடத்தில் மட்டும்தான். நடுக்கட்டை எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும் பயனில்லை.

பிறகு பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்ற வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க அந்தத் திசை உதவும். மேலே குச்சி ஐஸ் போடும் நீளமான பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, ஒட்டுக்குக் கீழே கட்டிவிட்டார். உள்ளே ஈரம் தங்கி, குச்சி வாடாமல் இருக்கும். அந்தச் செடிகளை மதில் நிழலில் வரிசையாக வைத்தோம். வேருக்கு மட்டும் தண்ணீர், ஒட்டின் மேல் படக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் உறைக்குள் பச்சை தெரிந்தது. எல்லாம் பிடிக்கவில்லை. சில குச்சிகள் கறுத்துப்போயின. வந்த துளிர்களிலும் ஒன்றிரண்டு, குச்சியில் மிச்சமிருந்த சத்தை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு வதங்கின. அதனால் முதல் துளிரைக் கண்டதும் உறையைக் கழற்றாதீர்கள். நான்கு இலை நன்றாக விரியட்டும். கழற்றுவதும் மாலையில்தான், அதுவும் முதல் நாள் நுனியில் ஓட்டை போட்டு, மறுநாள் முடிச்சை அவிழ்த்து, மூன்றாம் நாள் எடுத்தால் செடிக்கு அதிர்ச்சி இருக்காது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். இது ஒரு வருடத்தோடு முடிகிற வேலை இல்லை. மரம் பெரிதான பிறகும் கீழிருந்து ஒரு கிளை கிளம்பி, மேலே இருக்கும் நல்ல ஜாதியை மெல்ல அமுக்கிவிடும். நாடாவை இரண்டு மூன்று மாதத்தில் அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டை நெரிக்கும்.

அக்கா மகள் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறாள். நான் அனுப்பிய ஒட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, "சித்தி, சீத்தாவோட சொந்தக்காரப் பழம் ஒண்ணு இங்க காட்டுலயே காய்க்குது, விதை கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பாவ்பாவ் என்ற அந்த மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரியது, ஒஹாயோ மாநிலத்தின் சொந்தப் பழம் என்ற தகுதியும் அதற்கு உண்டு. சீத்தாவின் குடும்பம்தான். நம் தெருவோரத்து நெட்டிலிங்கமும் கொல்லைகளில் மணக்கும் மனோரஞ்சிதமும் கூட அதே குடும்பம். ஆனால் சென்னையில் பாவ்பாவ் வராது. அதன் விதை முளைக்கவே மூன்று மாதம் போலக் குளிரில் கிடக்க வேண்டும், மரமும் ஒவ்வோர் ஆண்டும் நல்ல பனிக்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். நமக்கு மார்கழியிலேயே இரவு இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அவளை வெறுங்கையோடு வரச் சொன்னேன். ஆனால் அங்கே அந்த மரத்தைத் தோட்டத்தில் வைத்திருப்பவர்கள் தூரிகையால் தாங்களே மகரந்தம் சேர்க்கிறார்கள் என்று அவள் சொன்னது எனக்கு உதவியது. இரண்டு மரத்துப் பூவுக்கும் சிக்கல் ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

மடிப்பாக்கம் ஏரியும் வயலுமாக இருந்த இடம். மண் களி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். சீத்தா வறட்சியைத் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. அதனால் குழி தோண்டி நடாமல், செம்மண்ணும் எருவும் உடைந்த செங்கல் ஜல்லியும் கலந்து ஒன்றரை அடி மேடு போட்டு, அதன் மேல் ஒட்டுக்கன்றுகளை நட்டேன். 2019 கோடையில் ஊரெங்கும் தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றபோது, பாத்திரம் கழுவிய தண்ணீரில் அவை பிழைத்தன. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையில் தெரு குளமானபோது மேடு மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் சமதரையில் இருந்த பப்பாளி அழுகிச் சாய்ந்தது. சீத்தா தப்பியது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் மேடு இல்லாமல் சீத்தா வைக்கவே வேண்டாம். திருவான்மியூர், பாலவாக்கம் பக்கத்து மணல் தரையில் இந்தக் கவலை இல்லை, அங்கே சருகால் மண்ணை மூடும் மூடாக்குதான் முக்கியம்.

கவாத்துக்கு வருவோம். தை பிறந்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். மாசிக் கடைசியில் போன வருடக் கிளைகளில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் இலைகளைக் கையால் உருவிவிடுகிறேன். பச்சை மரத்தை மொட்டையடிப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் பதறிப்போனார். இரண்டு வாரத்தில் துளிர் வந்ததும் அவரே தன் வீட்டு மரத்துக்கும் செய்யச் சொல்லிக் கூப்பிட்டார். உருவியதும் தொழு உரமும் இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டு, நிறைய தண்ணீர் விட வேண்டும். துளிரோடு பூவும் தொங்க ஆரம்பிக்கும். மரத்தை ஆள் உயரத்துக்கு மேல் விடாதீர்கள், பூவுக்குக் கை எட்ட வேண்டும்.

ஏன் எட்ட வேண்டும் என்பதுதான் அந்தச் சிக்கல். சீத்தா நிறையப் பூக்கும், காய் பிடிப்பது கொஞ்சம். "மரம் முழுக்க பூ, ஒரு காய் கூட இல்லை" என்று சொல்பவர்கள் பலர் உரத்தைக் குற்றம் சொல்கிறார்கள். காரணம் உரம் இல்லை. ஒரே பூவுக்குள் சூலகமும் மகரந்தமும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. முதலில் பெண் நிலை: மூன்று தடித்த இதழ்களும் நுனியில் லேசாகப் பிரிந்திருக்கும், உள்ளே இருக்கும் சின்னக் கூம்பு ஈரமாகப் பளபளக்கும். பிறகு ஆண் நிலை: இதழ்கள் அகல விரியும், கூம்பைச் சுற்றி வெள்ளையாக இருந்த மகரந்தப்பைகள் பழுப்பாகிப் பொடி உதிரும். அதற்குள் கூம்பு காய்ந்துவிடும். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் ஈரக்கூம்புக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். தேனீ அந்த இதழ்களுக்குள் நுழையாது. நுழைவது மிகச் சிறிய பழ வண்டுகள். மருந்து அடித்து அடித்து நகரத்தில் அவையும் குறைந்துவிட்டன.

அதனால் காலை ஆறு மணிக்கு ஒரு காலித் தீப்பெட்டியும் பிள்ளைகள் ஓவியம் தீட்டும் சின்னத் தூரிகையும் எடுத்துக்கொண்டு போகிறேன். விரிந்த பூக்களைத் தீப்பெட்டிக்குள் தட்டினால் பழுப்புப் பொடி விழும். தூரிகையில் அதைத் தொட்டு, லேசாகத் திறந்த பூவின் இதழை விரலால் விலக்கி, கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவ வேண்டும். சுற்றி என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கூம்பில் இருக்கும் ஒவ்வொரு சூலகமும்தான் பின்னால் பழத்தில் ஒரு கண்ணாகிறது. ஒரு பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பக்கம் மட்டும் பருத்து, பழம் கோணலாகிவிடும். கடையில் பார்க்கும் கோணல் சீத்தா பெரும்பாலும் மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்த பூவில் வந்ததுதான். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பொடியை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் செய்வது பெரும்பாலும் வீண். அனல் காற்றில் கூம்பு உடனே காய்ந்துவிடுகிறது. ஆனி பிறந்து, மாலையில் இடிமழை வர ஆரம்பித்ததும் பிடிக்கும் காய்தான் நிற்கிறது. தடவ நேரமில்லாதவர்கள் மரத்தடியில் அன்னாசித் தோலும் கறுத்த வாழைப்பழமும் போட்டுவைக்கலாம். அந்த வாசத்துக்குப் பழ வண்டுகள் வரும். நான் இரண்டையும் செய்கிறேன். எந்தக் கிளையில் காயை விடுவது என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். மெல்லிய நுனிக்கிளையில் பிடித்ததைக் கிள்ளிவிட்டு, தடித்த உள்கிளைகளில் இருப்பதை வையுங்கள்.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் மாவுப்பூச்சி கண்களின் இடுக்கில் குடியேறும். எறும்பு போகிறதா என்று முதலில் தண்டைப் பாருங்கள், மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காத்து வளர்ப்பது எறும்புதான். தண்டில் ஒரு பாலித்தீன் பட்டையைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவி எறும்பைத் தடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகோடு, ஆனால் அதைவிடப் பெரிதாக, வேகமாக நகரும் புழுக்கள் இருந்தால் அவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சுகள். அவற்றை நசுக்கிவிடாதீர்கள். இலையில் பச்சைப்புழு தெரிந்தாலும் நான் விட்டுவிடுகிறேன். பச்சைப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி நெட்டிலிங்கம், சீத்தா போன்ற இந்தக் குடும்பத்து மரங்களில்தான் பெரும்பாலும் முட்டை வைக்கிறது, அதற்கு இந்த நகரத்தில் வேறு இடம் குறைவு. கறுத்துச் சுருங்கி மரத்திலேயே தொங்கும் காய்களைப் பறித்துப் புதைத்துவிடுங்கள், அவற்றில் நோய் தங்கும். அணிலுக்குத் துணிப்பை பயன்படாது, கடித்துவிடும். ஜன்னலுக்குப் போடும் கம்பிவலையைப் பைபோல மடித்துக் கட்டுகிறேன்.

பூவிலிருந்து பறிப்பது வரை நான்கு மாதம் ஆகும். கண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் அகன்று, வெளிர் மஞ்சளாக மாறும்போது காய் கல்போல் இருந்தாலும் பறிக்கலாம். அதற்கு முன் பறித்தால் பழுக்காது, கறுக்கும். மரத்தில் பழுக்க விட்டால் வவ்வாலுக்கு. ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் முடிந்தவரை பறித்துவிடுவது சென்னையில் அவசியம். காய்ந்திருந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் ஏறினால் பழம் வெடிக்கும். பறித்ததை அரிசிப் பானையில் வைத்தால் மூன்று நான்கு நாளில் கனியும். கனிவதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, தோல் கறுத்து உள்ளே கெட்டிதட்டிப்போகும்.

முதல் பழங்களை 2020இல் அத்தைக்குக் கொண்டுபோனேன். அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தார். பிட்டுப் பார்த்து, விதையை எண்ணி, "அதேதான்டி" என்றார். அன்றைக்கு அவர் செய்த பாயசத்தின் பக்குவத்தை இங்கே எழுதிவைக்கிறேன். சீத்தாவின் சதையை அடுப்பில் வைத்தால் கசந்துவிடும், அதனால் பலர் வீட்டில் இந்தப் பாயசம் சரியாக வருவதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு இறக்கி, முழுவதும் ஆறவிட வேண்டும். விதை நீக்கிய சதையைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, கடைசியில்தான் அதில் சேர்க்க வேண்டும்.